ஒற்றைச் சிலம்பு, கிழிந்த மேலாடை, அவிழ்ந்த கூந்தல்: துன்ப நாடகத்தில் கூட்டம் மனம் மாறும் விதம்

பெண்ணாடத்துக்குப் பக்கத்தில், வெள்ளாற்றங்கரை ஊர் ஒன்றில் பார்த்த பகடை துகில் கூத்து இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இரவு இரண்டு மணி இருக்கும். துச்சாதனன் வேடம் கட்டியவர் பாஞ்சாலியின் முந்தானையில் கை வைப்பதற்கு முன்னால் சற்று நின்றார். சூடம் ஏற்றச் சொன்னார். பாஞ்சாலி வேடத்தில் இருந்த ஆளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். குற்றம் பொறுக்கச் சொல்லித்தான் இருக்க வேண்டும். அப்புறம் மிருதங்கம் வேகம் எடுத்தது. எனக்குப் பக்கத்தில் கோரைப்பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்த ஆயா ஒருத்தி விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, ஒரு கை மண்ணை வாரித் தூற்றினாள். “உன் கை அழுவிப் போவ” என்றாள். அன்று சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் அதே துச்சாதனனிடம் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டவள்தான் அவள்.

கதை தெரியும். முடிவு தெரியும். ஆளும் தெரியும். பிறகு எது அவளை மண்ணை வார வைத்தது?

அந்த வருடம் விருத்தாசலத்தில் கல்லூரியில் ‘ஜூலியஸ் சீசர்’ எங்களுக்குப் பாடம். ரயிலில் போய் வந்து படித்தோம். ஆன்டனியின் பேச்சுத்திறனை விளக்குக என்று ஒரு பெரிய கேள்வி கட்டாயம் வரும் என்று நோட்ஸில் எழுதிப் போட்டிருந்தார்கள். முரண்நகை, திரும்பக் கூறல், வினா அணி என்று பட்டியல் போட்டால் மதிப்பெண் நிச்சயம். பட்டியலை மனப்பாடம் செய்தேன். ஆயா ஏன் மண்ணை வாரினாள் என்பதற்கு அதில் பதில் இல்லை. துன்ப நாடகங்களில் கூட்டத்தைப் புரட்டிப் போடும் பேச்சுகளை இங்கும் வெளியிலும் வரிசையாக வைத்துப் பார்த்தால், பட்டியலில் இல்லாத இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, பேசுகிறவர் கையில் ஒரு பொருள் இருக்கிறது. இரண்டு, கடைசி வார்த்தையை அவர் சொல்வதில்லை. கூட்டத்தைச் சொல்ல வைக்கிறார்.

ஆன்டனியிலிருந்தே தொடங்கலாம். 1599 வாக்கில் எழுதப்பட்ட நாடகம். மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. சீசரைக் குத்திக் கொன்ற கையோடு புரூட்டஸ் முதலில் மேடை ஏறுகிறான். அவன் பேசுவது உரைநடை. அளந்து வெட்டிய, எதிரும் புதிருமாக நிறுத்திய வாக்கியங்கள். சீசரிடம் அன்பு இருந்தது, நாட்டின் மீது அதைவிட அதிகம் இருந்தது என்பதுதான் அவன் வாதம். கூட்டம் கைதட்டுகிறது. ஆனால் கைதட்டிக்கொண்டே என்ன கத்துகிறது தெரியுமா? இவனையே சீசர் ஆக்குவோம் என்கிறது. முடி சூடிவிடுவானோ என்ற பயத்தில் ஒருவனைக் கொன்றுவிட்டு வந்து விளக்கம் சொல்கிறவனுக்கே முடி சூட்டப் பார்க்கிறார்கள். அவன் பேச்சு காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் இருக்க, அவையறிதல், அவையஞ்சாமை என்று இன்னும் இரண்டு அதிகாரங்கள் எதற்கு என்று முன்பு நினைத்ததுண்டு. புரூட்டஸுக்குச் சொல்வன்மை இருந்தது, அஞ்சாமையும் இருந்தது. நடுவில் உள்ளதுதான் இல்லை. அதோடு நிற்கவில்லை, எதிராளிக்குக் கடைசிப் பேச்சை விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்கும் போய்விடுகிறான். காசியஸ் முன்பே எச்சரித்தான், கேட்கவில்லை.

ஆன்டனி வரும்போது கையில் சீசரின் பிணம் இருக்கிறது. புகழ வரவில்லை, புதைக்க வந்தேன் என்று தொடங்குகிறான். கொலைகாரர்களுக்கு ஒரு மரியாதைப் பட்டம் கொடுத்து, அதையே சொல்லிச் சொல்லித் தேய்க்கிறான். நாலாவது ஐந்தாவது முறை சொல்லும்போது அது வசவாகிவிடுகிறது. இதுவரை நோட்ஸில் உண்டு. நோட்ஸில் இல்லாதது, அவன் பேச்சை நிறுத்தும் இடம். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று சொல்லித் திரும்பிக்கொள்கிறான். அந்த இடைவெளியில் கூட்டம் தனக்குள் பேசத் தொடங்குகிறது. அவன் கண் சிவந்திருப்பதை ஒருவன் பக்கத்து ஆளுக்குக் காட்டுகிறான். சீசருக்கு அநியாயம் நடந்துவிட்டதோ என்று இன்னொருவன் சந்தேகப்படுகிறான். ஆன்டனி சொன்னால் அது ஆன்டனியின் கருத்து. பக்கத்தில் நிற்பவன் சொன்னால் அது ஊர்க் கருத்து.

அடுத்து உயில். மடியிலிருந்து எடுத்துக் காட்டுகிறான், படிக்கமாட்டேன் என்கிறான். படி படி என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். பிணத்தைச் சுற்றி வளையமாக நிற்கச் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கி வருகிறான். சீசரின் மேலாடையை விரித்து, இது காசியஸ் குத்திய ஓட்டை, இது காஸ்கா கிழித்தது, இது புரூட்டஸ் குத்தியது என்று விரலை வைத்துக் காட்டுகிறான். கொலை நடந்தபோது அவன் அந்த இடத்திலேயே இல்லை! எந்த ஓட்டை யாருடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? யாரும் கேட்கவில்லை. கல்லூரியில் வாசிக்கும்போது நாங்களும் கேட்கவில்லை. கண்ணெதிரே ஓட்டை இருக்கும்போது யாருக்குக் கேள்வி வரும்?

பிறகு துணியை விலக்கி உடம்பைக் காட்டுகிறான். கூட்டம் கொளுத்து, கொல்லு என்று கிளம்புகிறது. இங்கேதான் ஷேக்ஸ்பியர் கூட்டத்தின் மனசை எவ்வளவு தெரிந்து வைத்திருந்தார் என்பது புரியும். அத்தனை நேரம் ஆசை காட்டிய உயிலை எல்லோரும் மறந்துவிட்டார்கள். போகிறவர்களைத் திருப்பி அழைத்து, உயிலை மறந்துவிட்டீர்களே என்று ஆன்டனிதான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தலைக்கு 75 திராக்மா, டைபர் ஆற்றங்கரையில் இருக்கும் தோட்டங்கள் பொதுவுக்கு. காசு அவர்களைக் கிளப்பவில்லை. ஏற்கெனவே கிளம்பிவிட்டவர்களுக்குக் கிளம்பியது நியாயம்தான் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்குத்தான் அந்தக் காசு. நாலாம் அங்கத்தின் முதல் காட்சியில் இதே ஆன்டனி, அந்த உயிலில் மக்களுக்கு எழுதி வைத்த தொகையில் எவ்வளவு குறைக்கலாம் என்று யோசிக்கிறான். தேர்தல் அறிக்கைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கிரேக்கர்கள் இந்த விஷயத்தில் சிக்கனம். பன்னிரண்டோ பதினைந்தோ பேர் கொண்ட பாட்டுக் குழு மேடையில் இருக்கும். பெரிய ஊர்க்கூட்டம் மேடைக்கு வராது, தூதன் வந்து சொல்வான். கி.மு. 408இல் மேடையேறிய யூரிப்பிடிஸின் ‘ஓரெஸ்டஸ்’ நாடகத்தில், தாயைக் கொன்றவனுக்கு என்ன தண்டனை என்று ஆர்கோஸ் ஊர் கூடிப் பேசியதை ஒரு தூதன் விவரிக்கிறான். நாக்கு நீண்ட ஒருவன் மரண தண்டனை கேட்கிறான். தன் நிலத்தைத் தானே உழுது பிழைக்கும் ஒரு விவசாயி எழுந்து எதிர்த்துப் பேசுகிறான். ஜெயித்தவன் நாக்கு நீண்டவன்தான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஏதென்ஸ் பார்வையாளர்கள் வேறு நாட்களில் குன்றின் மேல் கூடி உண்மையான தீர்மானங்களுக்குக் கை தூக்கிய அதே ஆட்கள். நாடகம் அவர்களைப் பார்த்தே விரல் நீட்டியது.

இந்த வரிசையில் நம் கண்ணகிக்கு இடம் கொடுக்காமல் போவது எனக்கு எப்போதும் உறுத்தல். பேச்சு என்றதும் எல்லோரும் வழக்குரை காதைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே நடப்பது அரசனோடு வாதம். உன் மனைவியின் சிலம்பில் பரல் என்ன, என் சிலம்பில் பரல் என்ன, முத்தா மாணிக்கமா, உடைத்துப் பார் என்ற தடயச் சண்டை. அரசன் ஒப்புக்கொள்கிறான், விழுகிறான், முடிந்தது. கூட்டம் மாறுகிற இடம் அதற்கு முந்தைய காதை, ஊர்சூழ் வரி. கோவலன் கள்வன் இல்லை என்று சூரியன் சொன்ன பிறகு, மிச்சமிருக்கும் ஒரு சிலம்பைக் கையில் ஏந்திக்கொண்டு மதுரைத் தெருவில் இறங்குகிறாள். அவள் வாதம் செய்யவே இல்லை. சிலம்பைப் பார்த்ததும் ஊரார்தான் பேசத் தொடங்குகிறார்கள். செங்கோல் வளைந்துவிட்டது, பாண்டியன் கொற்றம் கெட்டது, புதுத் தெய்வம் ஒன்று வந்திருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே வருகிறது. தீர்ப்பை ஊர் சொன்ன பிறகுதான் அவள் அரண்மனை வாசலுக்குப் போகிறாள். கணவன் உடம்பைப் பார்த்தபின் அவள் ஊரிடம் கேட்பவை எல்லாம் கேள்விகள்: இந்த ஊரில் பெண்கள் இருக்கிறார்களா, சான்றோர் இருக்கிறார்களா, தெய்வம் இருக்கிறதா என்று.

ஆன்டனிக்கு மேலாடை, கண்ணகிக்குச் சிலம்பு. இருவருமே முடிவைக் கூட்டத்தின் வாயில் போடுகிறார்கள். ஆனால் விளைவில் ஒரு பெரிய வித்தியாசம். ரோமில் கிளம்பிய கூட்டம் வழியில் சின்னா என்ற கவிஞனைப் பிடிக்கிறது. சதிகாரர்களில் அதே பெயரில் ஒருவன் உண்டு. இவன் அவன் இல்லை. தெரிந்தபின்பும் விடவில்லை, மோசமான கவிதை எழுதினான் என்றாவது கொல்லுவோம் என்று பிய்த்தெறிகிறார்கள். மதுரையை எரிக்கும் தீக்கோ கண்ணகி ஒரு பட்டியல் கொடுக்கிறாள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகளை விட்டுவிடு என்கிறாள். அந்தப் பட்டியல் இன்றைக்கு நமக்கு ஒப்புமோ இல்லையோ, தீக்குக்கூட ஒரு கணக்கு உண்டு. கூட்டத்துக்கு இல்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இந்த இடத்தில் அரிஸ்டாட்டிலைவிட எனக்கு உதவுகிறது. பேசுகிறவனின் குணம், கேட்பவனின் உணர்ச்சி, வாதம் என்று மூன்றாகப் பிரித்தார் அரிஸ்டாட்டில். அது பேச்சாளன் பக்கத்திலிருந்து பார்க்கும் கணக்கு. தொல்காப்பியர் உணர்ச்சி எதிலிருந்து கிளம்புகிறது என்று பார்க்கிறார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. எல்லாம் நிகழ்ச்சிகள், கண்ணால் காணக்கூடியவை. ஆன்டனி முதலில் இழவைக் காட்டி அழவைத்து, பிறகு குத்துக் காயங்களைக் காட்டிக் கொலையை முன்னால் கொண்டுவருகிறான். அழுகை வெகுளியாகிறது. கண்ணகியின் தெருவிலும் அதே ஏற்றம்தான். இடையில் வாதத்துக்கு அவசியமே நேரவில்லை.

வாதம் தோற்ற கதைதான் பாஞ்சாலியின் கதை. சபைக்கு வரச்சொல்லி ஆள் வந்ததும் அவள் ஒரு கேள்வி அனுப்புகிறாள்: தருமர் முதலில் இழந்தது தன்னையா, என்னையா? தன்னை இழந்தவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? இதைவிடக் கூர்மையான சட்டக் கேள்வியை நான் எந்த நாடகத்திலும் பார்த்ததில்லை. பீஷ்மர் தருமம் நுட்பமானது என்று நழுவுகிறார். விகர்ணன் ஒருவன்தான் எழுந்து அவள் பக்கம் பேசுகிறான். வியாசரில் ஓர் இடம் கவனிக்கத்தக்கது. விகர்ணன் பேசி முடித்ததும் சபையில் பெரிய ஆரவாரம் எழுகிறது. அவனைப் புகழ்ந்து, சகுனியைப் பழிக்கிறார்கள். ஒரு நிமிடம் சபை இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது! உடனே கர்ணன் எழுந்து, நீ சின்னப் பையன் என்று விகர்ணனை அடக்கி, அவளை இகழ்ந்து பேசுகிறான். சபை மறுபடி ஊமையாகிறது. புரூட்டஸ் கதைதான்: கடைசியில் பேசியவன் எடுத்துக்கொண்டான். பாரதியார் ‘பாஞ்சாலி சபத’த்தில் இன்னும் ஒரு படி மேலே போய், அவளை இழுத்துப் போகும் வழியில் வேடிக்கை பார்த்து அழுததோடு நின்றுவிட்ட ஊராரையே திட்டித் தீர்க்கிறார்.

ஆக, மேடைக்குள் இருக்கும் கூட்டம் அசையவில்லை. பாயில் படுத்திருந்த ஆயா அசைந்தாள். துன்ப நாடகத்தில் எப்போதும் இரண்டு கூட்டம் இருக்கிறது என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது. ஷேக்ஸ்பியரில் உள்கூட்டம் புரள்கிறது, வெளியே இருக்கும் நாம் ஆன்டனியின் தந்திரத்தை ரசித்துக்கொண்டே பயப்படுகிறோம். கூத்தில் உள்கூட்டம் கல்லாக இருக்கிறது. அது கல்லாக இருப்பதாலேயே வெளியே இருக்கிறவர்கள் அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். பீஷ்மர் சொல்லாததை ஆயா சொன்னாள்.

தென்னார்க்காட்டுக் கூத்தில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு: கட்டியங்காரன். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, திரையை விலக்கி அடவு போட்டு வந்து கம்பீரமாக நின்றதும், கட்டியங்காரன் கேட்பான்: “யாருய்யா நீ, எங்க வந்த?” ராஜா தன் பெருமையைச் சொல்லச் சொல்ல, இவன் ஊர்ப் பேச்சில் அதைக் கவிழ்த்துக்கொண்டே இருப்பான். ரேஷன் கடை வரிசை, கரும்புப் பாக்கி, பஸ் வராதது எல்லாம் அஸ்தினாபுரத்துக்குள் நுழையும். கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பார்த்து வாய் பிளந்து நிற்காதே என்று கூட்டத்துக்கு ஓர் ஆள் ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். ரோம் நகரத்துக்கு ஒரு கட்டியங்காரன் இருந்திருந்தால், “ஏன் சாமி, குத்தினப்ப நீங்கதான் அங்க இல்லியே, இது யாரு போட்ட ஓட்டன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டிருப்பான். ஆன்டனியின் பேச்சு அங்கேயே படுத்திருக்கும்.

துகில் கட்டம் வரும்போது மட்டும் கட்டியங்காரன் அடங்கிவிடுவான். முகவீணை அழும், பின்பாட்டுக்காரர்கள் குரல் ஏறும், அவிழ்ந்த கூந்தலோடு பாஞ்சாலி கண்ணனைக் கூப்பிடுவாள். சில ஊர்களில் வேடம் கட்டியவருக்கே அருள் வந்துவிடும். கிண்டல் ஓய்ந்த இடத்தில்தான் மண் வாரப்படுகிறது. செஞ்சியை மையமாக வைத்துத் திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்து 1988இலும் 1991இலும் இரண்டு தொகுதிகள் எழுதிய ஆல்ஃப் ஹில்டெபெய்டலும், 1990இல் பாரதக் கூத்தைப் பற்றி எழுதிய ரிச்சர்ட் ஃபிராஸ்காவும் இந்த அருள் வருவதை விரிவாகப் பேசுகிறார்கள். என் கண்ணுக்கு அருளைவிட அதற்கு முந்தைய அந்த மௌனம்தான் பெரிய கைவினை.

மேடைத் தமிழுக்கு வந்தால் கதை வேறு. கட்டியங்காரனை அது வீட்டுக்கு அனுப்பிவிட்டது. 1891இல் வந்த சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீய’த்தில் ஜீவகன் படைவீரர்களிடம் நாட்டுப்பற்றைப் பேசுகிறான், நடுவில் கேள்வி கேட்க யாருமில்லை. அதே 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார், மேக்பத்தை ‘மகபதி’ ஆக்கினார். பிறகு திராவிட இயக்கத்தார் மேடைப் பேச்சையும் நாடகத்தையும் ஒரே அச்சில் வார்த்தார்கள். அண்ணாவின் ‘நீதிதேவன் மயக்க’த்தில் இராவணன் கூண்டில் நிற்கிறான், இரக்கம் இல்லாததால் அரக்கன் என்ற குற்றச்சாட்டை எடுத்து, இரக்கம் காட்டாத முனிவர்களையும் தேவர்களையும் ஒவ்வொருவராக முன்னால் நிறுத்துகிறான். பம்மலின் ‘மனோகரா’வுக்கு 1954இல் மு. கருணாநிதி எழுதிய சபைக் காட்சி வசனத்தையும், 1952 தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’யின் நீதிமன்ற வசனத்தையும் எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் ரேடியோ செட்டுக்காரர்கள் பாட்டுக்குப் பதிலாகவே போட்டார்கள். ‘பராசக்தி’யின் நாயகன் குணசேகரன் குற்றத்தை மறுப்பதில்லை. ஒப்புக்கொண்டு, காரணத்தைத் திருப்பி ஊர் தலையில் வைக்கிறான். கையில் பொருள் ஏதும் இல்லை. தங்கச்சி கல்யாணிதான் அவன் காட்டும் சிலம்பு. மதுரையில் தங்கி இந்தச் செந்தமிழ்ப் பேச்சை ஆராய்ந்த பெர்னார்ட் பேட், 2009இல் வெளியிட்ட நூலில், இது ஏதோ சங்ககாலத்திலிருந்து வந்ததல்ல, இருபதாம் நூற்றாண்டில் உருவான அழகியல் என்று காட்டினார். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேட்ட காதுகள் கூத்துக் கேட்ட காதுகள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வரிசையிலேயே விசித்திரமானது 1956இல் வந்த ‘ராஜா ராணி’யின் சாக்ரடீஸ் காட்சி. ஏதென்ஸ் வழக்கில் உண்மையான சாக்ரடீஸ், பிள்ளைகளைக் கூட்டிவந்து நிறுத்தி அழவைத்து இரக்கம் கேட்கமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஆன்டனி செய்ததையெல்லாம் செய்ய மறுத்தார்; நடுவர் கூட்டம் விஷம் கொடுத்தது. அந்த மனிதரை சிவாஜி கணேசன் நடித்தபோது கொட்டகையில் கைதட்டல் அடங்கவில்லை என்று என் அப்பா சொல்வார். கூட்டத்தை மயக்க மறுத்தவனை வைத்தே கூட்டத்தை மயக்கியாகிவிட்டது. சிரிப்பதா, வியப்பதா என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை.

பேச்சே இல்லாத துன்பக் கதை ஒன்றும் எங்கள் ஊருக்கு உண்டு. தூங்கும் யானை போன்ற விமானமுடைய தூங்கானைமாடக் கோயிலும், அப்பர் தோளில் சூலமும் இடபமும் பொறிக்கக் கேட்ட கதையும் பெண்ணாடத்துக்குப் பெருமை. மெய்கண்டார் பிறந்த ஊர் என்பதும் பெருமை. கலிக்கம்ப நாயனார் கதையைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தணியும். முன்பு தங்களிடம் வேலை பார்த்தவன் அடியாராக வந்தபோது கால் கழுவ நீர் வார்க்கத் தயங்கிய மனைவியின் கையை அவர் வெட்டினார். பெரியபுராணத்தில் அவரும் விளக்கம் சொல்வதில்லை, அவளும் பேசுவதில்லை. கோயிலில் அந்தக் கதையைக் கேட்ட பெண்கள் யாரும் எதற்காகவும் மண்ணை வாரியதில்லை. பேச்சு இல்லாத இடத்தில் கூட்டம் எந்தப் பக்கமும் சாய்வதில்லை போலும். வெறுமனே கலைந்து போகிறது.

மண் வாரிய அந்த ஆயாவை நான் கூத்தின் கடைசி நாள் காலையில் மறுபடி பார்த்தேன். படுகளம். ஊருக்கு வெளியே மல்லாந்து கிடக்கும் துரியோதனனை மண்ணாலேயே பிடித்து வைத்திருந்தார்கள், ஒரு வீட்டு நீளத்துக்கு. முகத்துக்கு மஞ்சளும் சிவப்பும் பூசி, மீசை வரைந்து. களிமண்ணும் பீங்கானும் பொம்மையுமாகப் பிழைக்கும் விருத்தாசலம் பக்கத்து ஆட்களுக்கு மண்ணில் உருவம் பிடிப்பது சொல்லித்தர வேண்டியதில்லை. பீமன் தொடையில் அடித்தான். உள்ளே வைத்திருந்த சிவப்பு நீர் பீறிட்டது. பாஞ்சாலி அதைத் தொட்டுக் கூந்தலை முடித்துப் பூ வைத்துக்கொண்டாள். பதினெட்டு நாள் ஊர் காத்திருந்த சபதம் முடிந்தது, குலவை அடங்கவில்லை.

அப்போது காந்தாரி வந்தாள். தலைவிரி கோலமாக, மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி வந்து ஒப்பாரி வைத்தாள். தருமம் அதருமம் என்று அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தொட்டில் கட்டியதைச் சொன்னாள், சோறு ஊட்டியதைச் சொன்னாள். இரண்டாவது சுற்றிலேயே பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கூட்டம் கலைந்தபோது எல்லோரையும் போல அவளும் குனிந்து, துரியோதனன் தோள் பக்கத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். “குதிருல போட்டா நெல்லு நெறயும்” என்றாள் என்னிடம், மூக்கைச் சிந்திக்கொண்டே.